மேசைத் துணிக்கு அடியில்

அறிவியல் கண்காட்சிக்குப் போனால் எல்லோரும் மேசைக்கு மேலே பார்ப்பார்கள். நான் குனிந்து கீழே பார்ப்பேன். பழக்கதோஷம்!

மேலே இருப்பது நமக்குத் தெரிந்ததுதானே. தெர்மாகோலில் வெட்டிய வீடு, பச்சைப் பொடி தூவிய புல்வெளி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய பெயர்ப் பலகை, இஸ்திரி போட்ட சீருடையில் விறைப்பாக நிற்கும் ஒரு பிள்ளை. "குட் மார்னிங் சார், என் ப்ராஜெக்ட்டின் பெயர்..." என்று தொடங்கினால் மூச்சு விடாமல் முடித்துவிட்டுத்தான் நிறுத்தும். நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டீர்களோ, மறுபடி குட் மார்னிங்கிலிருந்து ஆரம்பம்.

வெள்ளைத் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒட்டுப்போட்ட ஒயர்கள், குடலைப் பிடுங்கிய பழைய செல்போன் சார்ஜர், பாதி தின்ற முறுக்குப் பொட்டலம், விரலெல்லாம் ஃபெவிகுவிக் காய்ந்த இன்னொரு பிள்ளை. சுவிட்ச் காலையிலேயே உடைந்துவிட்டதாம். மேலே நிற்பவன் கால் கட்டைவிரலால் தரையில் தட்டுவான். கீழே இருப்பவன் இரண்டு ஒயர் முனைகளைச் சேர்த்துப் பிடிப்பான். மேலே காற்றாலை சுற்றும். மாவட்டக் கல்வி அலுவலர் கைதட்டுவார். அந்த ஹாலில் அன்றைக்கு நடந்த உண்மையான கண்டுபிடிப்பு அந்தக் கட்டைவிரல் சிக்னல்தான். பரிசு என்னவோ பக்கத்து மேசை எரிமலைக்குப் போகும்.

எரிமலை மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் நுரை பொங்கும். முதல் தடவை பார்க்கிற குழந்தைக்கு அது அற்புதம்தான். ஆனால் நம் ஊர்க் கண்காட்சிகளில் எத்தனை தலைமுறையாக அது பொங்கிக்கொண்டிருக்கிறது! அதில் மாணவர் கண்டுபிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது, சிவப்புச் சாயத்தைத் தவிர? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு யோசனை அனுப்பும்போது, எல்லோரும் செய்கிற வழக்கமான மாதிரிகள் வேண்டாம், உன் சொந்த யோசனையை எழுது என்றுதான் கேட்கிறார்கள். தேர்வானால் மாணவர் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வருகிறது, மாதிரி செய்துகொள்ள. பணம் பெரிய விஷயம் இல்லை. 'சொந்த யோசனை' என்ற இடத்தில்தான் வகுப்பறை முழுக்க மௌனமாகிவிடுகிறது.

அந்த மௌனத்தை எங்கே போய் உடைப்பது? நான் கைகாட்டுவது தாண்டிக்குடியை.

ஏன் என்று கேட்பீர்கள். வத்தலக்குண்டிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறினால் வரும் கீழ்ப்பழனி மலை ஊர். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. உச்சியில் பாலமுருகன். கொடைக்கானலுக்கு வருகிற சுற்றுலாக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஊருக்கு அது நல்லதும்கூட. ஆனால் பாருங்கள், இந்தச் சின்ன ஊரில் இந்தியக் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்கக் காப்பிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிற இடம். கொஞ்சம் தள்ளி தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். ஒரு காப்பி ரகத்தை உருவாக்க விஞ்ஞானிக்கு எவ்வளவு காலம் ஆகும் தெரியுமா? செடி நட்டு முதல் காய்ப்புக்கே மூன்று நான்கு ஆண்டுகள். அது நோய் தாங்குமா, விளைச்சல் தருமா, பில்டரில் ருசிக்குமா என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வெளியிடுவதற்குள் அந்த விஞ்ஞானிக்குத் தலை நரைத்துவிடும். "நாளைக்குள் ப்ராஜெக்ட் கொண்டு வா" என்று எட்டாம் வகுப்புப் பையனை விரட்டுகிற நமக்கு, அந்த வேலியை எட்டிப் பார்ப்பதே ஒரு பாடம்.

ஆராய்ச்சி நிலையத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று மலைப் பிள்ளைகளிடம் இருக்கிறது: புகார்கள்! வண்டி வண்டியாக.

ஒரு வகுப்பை மனதில் ஓட்டிப் பாருங்கள். டீச்சர் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். "உங்க வீட்ல தினமும் யாராவது அலுத்துக்கிற விஷயம் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

"அட்டை டீச்சர்! மழைக்காலத்துல ஷூவுக்குள்ளயே பூந்துருது."

"மிளகு எடுக்க எங்கப்பா மூங்கில் ஏணில ஏறும். எங்கம்மா கீழ நின்னு திட்டிக்கிட்டே இருக்கும்."

"காட்டு மாடு வந்து தோட்டத்துல நின்னுக்குது டீச்சர். அது போற வரைக்கும் நாங்க போக முடியாது."

"நடுராத்திரி எழுப்பி காப்பிக்குத் தார்ப்பாய் போடச் சொல்றாங்க. தூங்கவே விடமாட்றாங்க."

"டவர் கிடைக்க மாட்டேங்குது."

"அது எனக்கும்தான்டா," என்பார் டீச்சர்.

ஐந்து நிமிடத்தில் ஐந்து யோசனைகளுக்கான விதை கரும்பலகையில் விழுந்தாயிற்று. ஒரு குழந்தையைப் பார்த்து "புதுசா ஏதாவது கண்டுபிடி" என்றால் அது விட்டத்தைப் பார்க்கும். "எது உனக்கு எரிச்சல்?" என்று கேளுங்கள், கொட்டும். நம் வகுப்பறைகளில் குறை சொல்கிற பிள்ளைக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறோம். அனுப்பப்பட வேண்டியது முதல் பெஞ்சுக்கு என்பது என் கட்சி.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரின் கதையிலும் தொடக்கம் இப்படி ஒரு எரிச்சல்தான். பள்ளி விட்டு வரும் வழியில், இஸ்திரிக்காரர் எரிந்து முடிந்த கரியைக் குப்பையில் கொட்டுவது கண்ணில் பட்டது. தெருவில் எல்லோரும் தினமும் பார்க்கிற காட்சி. அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் மட்டும் நின்று யோசித்தாள். கரிக்குப் பதில் சூரிய மின்சாரத்தில் ஓடும் இஸ்திரி வண்டி. சுமார் ஐந்து மணி நேர வெயிலில் பேட்டரி நிரம்பினால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம் என்பது கணக்கு. 2019-இல் தேசிய புத்தாக்க அறக்கட்டளையின் இக்னைட் விருது, 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு, 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியல், அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேச்சு. இக்னைட் போட்டியில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு: செய்து முடித்த மாதிரி கையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; யோசனையை எழுதியோ வரைந்தோ அனுப்பலாம். தெர்மாகோல் வாங்கக் காசில்லாத பிள்ளைக்கும் வாசல் திறந்திருக்கிறது.

சரி, தார்ப்பாய்ப் பிள்ளையிடம் திரும்புவோம். அவன் தூக்கம் எனக்கு முக்கியம்.

கீழ்ப்பழனி மலையின் சிக்கலே இதுதான்: காப்பிப் பழம் பறிக்கத் தொடங்குகிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பழத்தைத் தோல் நீக்கி, கழுவி, உள்தோல் போகாத பார்ச்மென்ட் கொட்டையாகக் களத்தில் காயப் போட்டிருப்பார்கள். பாதி காய்ந்த கொட்டை மறுபடி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், வாடை ஏறும், விலை இறங்கும். அதனால் ராத்திரி ஒரு தூறல் விழுந்தாலும் வீடே எழுந்து ஓட வேண்டும். தூறல் விழுந்ததை முதலில் யார் கவனிப்பது? வீட்டில் தூக்கம் வராத பாட்டி. பாட்டிக்கு ஒரு மாற்று ஆள் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு பழைய பள்ளிக்கூடத் தந்திரம் உண்டு. பிளாஸ்டிக் இல்லாத மரத் துணி கிளிப் ஒன்று. அதன் இரண்டு வாயிலும் எதிரெதிராக ஒவ்வொரு டிராயிங் பின் குத்த வேண்டும். ஒவ்வொரு பின்னிலும் ஓர் ஒயரைச் சுற்றி, ஒன்பது வோல்ட் பேட்டரிக்கும் சின்ன பஸ்ஸருக்கும் இணைத்துவிடுங்கள். கிளிப் வாயை மூடினால் இரண்டு பின்களும் தொட்டுக்கொள்ளும், பஸ்ஸர் கத்தும். இப்போது வாய்க்குள் ஒரு கல்லுப்பைக் கவ்வக் கொடுங்கள். சத்தம் நின்றுவிடும். கொண்டுபோய்க் களத்தில் வையுங்கள். மழை விழும், உப்பு கரையும், கிளிப் மூடும், பஸ்ஸர் அலறும். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும். பேட்டரிதான் அதில் பெரிய பங்கு.

மதுரையில் இது அருமையாக வேலை செய்யும். கண்காட்சியில் முதல் பரிசுகூட வாங்கும். தாண்டிக்குடியில்?

தாண்டிக்குடியில் ராத்திரி ஒன்பது மணிக்குக் களத்தில் வைத்தால், ஒரு சொட்டு மழை இல்லாமலே விடிவதற்குள் கத்திவிடும்! காரணம், மூடுபனி. காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானாகவே கசியத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். மலை வீட்டில் உப்புச் சாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. போதாததற்கு உப்புத் தண்ணீர் டிராயிங் பின்னைத் துருப்பிடிக்கவைக்கும். நாலாவது நாள் நிஜமாகவே மழை வரும்போது அது கம்மென்று இருந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி தோற்கிற இந்த இடத்தில்தான் எனக்கு உற்சாகம் பிடித்துக்கொள்கிறது. இனிமேல்தானே வகுப்பு! உப்புக்குப் பதில் என்ன வைக்கலாம்? சர்க்கரை வைக்கலாம் என்பாள் ஒருத்தி. நல்ல யோசனை, சர்க்கரை ஈரத்தை இழுக்கத் தொடங்க எண்பத்தைந்து சதவீத அளவுக்கு ஈரப்பதம் வேண்டும். பத்து சதவீதம் லாபம். ஆனால் எறும்பு? எறும்பு தின்றாலும் கிளிப் மூடும், பஸ்ஸர் கத்தும். மழை வந்ததா, எறும்பு வந்ததா என்று யார் போய்ப் பார்ப்பது? மறுபடி பாட்டிதான். வெல்லம்? அது உப்பைவிட மோசம், பிசுபிசுத்து வழியும். மாத்திரை? வயிற்றுக்குள் போனதும் கரைவதற்கென்றே செய்தது அது, எறும்பும் சீந்தாது. காலாவதியான மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்கலாமா என்று ஒருவன் கை தூக்குவான். கூடாது என்று டீச்சர் ஏன் சொல்கிறார் என்பதே இன்னொரு அரைமணி நேர வகுப்பு.

அப்புறம் யாராவது ஒருத்தர், பெரும்பாலும் இதுவரை வாயே திறக்காதவர், வேறு பக்கத்திலிருந்து வருவார்: "உப்பை மாத்த வேணாம் டீச்சர். மூடுபனி உள்ள வராம மூடிருவோம்." மூடிவிட்டால் மழையும் வராதே? "தண்ணி பாட்டிலோட தலையை வெட்டிக் கவுத்து வச்சா புனல். மழை பெஞ்சா தண்ணி ஒழுகி உள்ள விழும். பனி விழாதுல்ல?" கிளிப் பாட்டிலுக்குள், உப்பின் தலைக்கு நேராகப் புனலின் வாய். பெரிய பரப்பில் விழும் தூறலெல்லாம் ஒரே இடத்தில் சொட்டும். அதனால் சின்னத் தூறலுக்கும் சீக்கிரம் கத்தும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஜனவரிப் பனி புனலில் படிந்து சொட்டினால் என்ன செய்வது என்று நான் கேட்கலாம். கேட்க மாட்டேன். ஜனவரியில் அவர்களே கேட்பார்கள்.

இந்த ஒரு கிளிப்புக்குள் ஈரப்பதம், கரைதல், மின்சுற்று, அரிப்பு, எறும்பின் உயிரியல் எல்லாம் வந்து போய்விட்டன, பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் எந்தக் கட்டத்தில் இதைப் போடுவது என்று தெரியாமல் ஆசிரியர் முழிப்பார். முழிக்கட்டும்.

தோற்றுப்போன மாதிரிகளைப் பற்றிப் பேசும்போது திருமங்கலத்துப் பெண்களை விட்டுவிட முடியாது. ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் ஆசாதிசாட் செயற்கைக்கோளுக்கு நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் கருவி செய்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி அதில் ஒன்று. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைச் சுமந்துகொண்டு கிளம்பியது. அதுவே அந்த ரக ராக்கெட்டின் முதல் பயணம். கைதட்டல், கண்ணீர், கொடி, எல்லாம் நடந்தது. பிறகு கெட்ட செய்தி: இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் உணர்விகள் திணறி, ராக்கெட் தவறான பாதையில் கொண்டுபோய் விட்டுவிட்டது. செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், நம் பள்ளி ஒன்றில் ஒரு ப்ராஜெக்ட் இப்படித் தோற்றிருந்தால் அடுத்த வருடம் 'ரிஸ்க் வேண்டாம்' என்று எரிமலைக்குத் திரும்பியிருப்போம். அவர்கள் மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10, ஆசாதிசாட்-2, சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது செய்தியோடு முதல் செய்தியையும் சேர்த்துத்தான் வகுப்பில் சொல்ல வேண்டும் என்பேன். உணர்வி திணறிய கதையில்தான் பொறியியல் இருக்கிறது.

அதற்கு முன்னோடி, கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக். அவரும் நண்பர்களும் செய்த கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து நாசா ராக்கெட்டில் போனது. எடை 64 கிராம். 'உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள்' என்று அப்போது ஊரெல்லாம் எழுதினோம்; நிஜத்தில் அது சுற்றுப்பாதைக்குப் போகவில்லை, மேலே போய்த் திரும்பி வரும் ராக்கெட்டில் போய்வந்தது. அதனால் குறைந்து ஒன்றும் போகாது. என் கண்ணைப் பறிப்பது அந்த 64-தான். எங்கிருந்து வந்தது அந்த எண்? போட்டி விதி: நாலு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள், அறுபத்துநாலு கிராமுக்குள் அடக்கு. உலோகம் கனம், அதனால் கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக்கை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். விதி நெருக்கியதால் வழி பிறந்தது. "எது வேண்டுமானாலும் செய்" என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யூகிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மலைப் பள்ளிக்கு நெருக்கடியை யாரும் விதியாகப் போட வேண்டியதில்லை, தானாகவே இருக்கிறது. ஒரு பஸ்ஸர் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும், அங்கே இல்லாவிட்டால் திண்டுக்கல். அதனால் காயலான் கடைச் சாமான்தான் கதி. ஓடாத டேப் ரிக்கார்டரில் மோட்டார் இருக்கும், டி.வி.டி. பிளேயரில் இரண்டு மூன்று. பழைய ஸ்பீக்கரில் நல்ல காந்தம். கழற்றினால் போதும். ஆனால் கழற்றவிட வேண்டுமே!

கழற்றுவது பற்றி இந்த மலையடிவாரத்திலேயே ஓர் ஆள் வாழ்ந்து காட்டியிருக்கிறார். 1920-இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் பேருந்து விட்டவர் ஜி.டி. நாயுடு. கலங்கல் கிராமத்துப் பையன். வாத்தியார் முகத்தில் மணலை வீசிவிட்டுப் பள்ளியை விட்டு ஓடிய கதை கோவைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? பிரித்துப் போட்டார்! பிரித்து, பார்த்து, மறுபடி பூட்டினார். அந்தக் கையிலிருந்துதான் பின்னாளில் மின்சார சவரக் கருவியும் மண்ணெண்ணெய் மின்விசிறியும் பழரசம் பிழியும் கருவியும் வந்தன. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார். நாலு வருடப் பொறியியலை இரண்டே வருடத்தில் சொல்லித்தர முடியும் என்று நின்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இரண்டு வருட வாதத்தில் அவர் பக்கம் நியாயமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பிரித்துப் போட்டதில் சந்தேகமே இல்லை.

இப்போது ஆசிரியர்களின் மேசைக்கு அடியிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா? அங்கேயும் ரகசியங்கள் உண்டு. நீதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகம் கிடைத்த பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வருகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், உணர்விகள், சின்னக் கணினிப் பலகைகள். பேஷ்! ஆனால் 'உடைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது?' என்ற பயத்தில் உறை போட்டுப் பூட்டி வைத்த இயந்திரங்களை நான் பார்த்ததுண்டு. இருப்புப் பதிவேட்டில் 'உடைந்தது' என்று எழுத ஆசிரியருக்குத் தைரியம் கொடுக்கிற ஒரே ஒரு அரசாணை போதும், பாதி ஆய்வகங்கள் விழித்துக்கொள்ளும். உடையாத ஆய்வகப் பொருள் உபயோகப்படாத பொருள்.

இந்த விஷயத்தில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடக்கும் வானவில் மன்றம் என்ற திட்டம் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணமே அதன் மலிவுதான். 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள். 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்பது முழக்கம். ஆய்வகத்துக்குப் பிள்ளைகளை வரச் சொல்லாமல், கருத்தாளர் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார். பலூன், உறிஞ்சுகுழல், நூல், அட்டை என்று கையில் கிடைக்கிற சாமான்தான் மூலதனம். பூட்டி வைக்க அதில் எதுவும் கிடையாது. அதற்கு மேல், பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் என்று தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்துவது ஒன்று இருக்கிறது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, சுற்றி இருக்கும் ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தீர்வு யோசித்து, மாதிரி செய்ய வேண்டும். தாளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியருக்குச் சிலபஸை முடித்துவிட்டு மூச்சு விட நேரம் இருந்தால் களத்திலும் நன்றாக இருக்கும்.

நேரம் குறைவாக இருக்கிற ஆசிரியருக்கு ஒரு கிசுகிசு: பத்து நிமிடத்தில் வகுப்பையே கூச்சலிட வைக்கும் வித்தை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு; அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட கறுப்புத் தாள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்தில் அதை ஒட்டுங்கள். பந்தை ஒரு வளையத்தின் மேல் உட்கார வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பி நிறுத்தலாம். வெளியே வெயிலில் வைத்து, வெளிச்சத்தை இருட்டாக்கிய வகுப்பறைச் சுவருக்கு அனுப்புங்கள். சுவர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால், சுமார் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக வந்து நிற்பது சூரியனேதான்! ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் வட்டமாகத்தான் விழும். ஏன் என்று கேட்காத பிள்ளை அந்த வகுப்பில் இருக்காது. கண்ணாடியை மட்டும் யாரும் நேராகப் பார்த்துவிடக் கூடாது, கண் போய்விடும். 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம் திண்டுக்கல் வழியாகப் போனபோது இந்த மாதிரி எளிய கருவிகள்தான் பலருக்குக் கைகொடுத்தன. அரையாண்டு விடுமுறையில் வந்த கிரகணம், பள்ளிகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சூரியனைப் பார்க்கிற வேலைக்குப் பழனி மலையில் பெரிய பாரம்பரியமே உண்டு. கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் வந்தது. அங்கே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் உலகம் முழுக்க அதே பெயர். அவருடைய மேசைத் துணியைத் தூக்கினால் என்ன தெரியும்? கொடைக்கானலுக்கு வருவதற்கு முன் லண்டனில் அவர் ஒரு தொழில்துறை வேதியியலாளர்; வானியல் அவருக்கு ஓய்வு நேரப் பைத்தியம். சூரியனைப் படம் பிடிக்கும் கருவிகளை வடிவமைத்துக் கூட்டிச் சேர்ப்பதில் கெட்டிக்காரர். அதாவது, ஃபெவிகுவிக் காய்ந்த விரல் கட்சி.

தாண்டிக்குடிப் பள்ளிப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், வானாய்வகத்துக்கும் கூட்டிப்போங்கள். உள்ளூர்க் காப்பி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அங்கே பிள்ளைகள் பார்க்க வேண்டியது பளபளக்கும் கருவியை அல்ல, காய் துளைப்பான் வண்டைப் பிடிக்க வைக்கும் பொறியை. மரத்தில் தொங்கும் சாதாரண பிளாஸ்டிக் சாமான். உள்ளே சாராய வாடை அடிக்கும் மருந்து. பழுத்த காப்பிப் பழம் என்று நம்பிப் பெண் வண்டு வந்து விழும். இந்தியாவில் 1990-இல் கூடலூர்ப் பக்கம் முதன்முதலாகத் தென்பட்ட அந்த வண்டை, மத்திய அமெரிக்காவில் விவசாயிகள் காலி சோடா பாட்டிலுக்குச் சிவப்பு அடித்துப் பிடிக்கிறார்கள். "இதை நாமளே செய்யலாமே சார்!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தே தீரும். வந்ததும் குறிப்பேட்டை நீட்டுங்கள், பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இன்ஸ்பயர் மானக்குக்கு ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் அனுப்பலாம். தாண்டிக்குடிக்கு என் பரிந்துரை இது. ஒன்று, மூடுபனிக்கு ஏமாறாத மழை மணி. இரண்டு, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறாமலே மிளகுக் கொத்தைப் பறிக்கும் கொக்கி. அம்மா திட்டுவது பாதியாகக் குறையும். மூன்று, சோடா பாட்டில் வண்டுப் பொறி. நாலு, காட்டு மாடு களத்துப் பக்கம் வந்தால் வீட்டுக்குள் விளக்கு எரிய வைக்கும் ஏதாவது. ஐந்தாவது அட்டைக்கு. உப்பு போட்டாயிற்று, மூக்குப்பொடி போட்டாயிற்று, வேப்பெண்ணெய் தடவியாயிற்று, சோப்புக் கட்டியைக் காலுறையில் தேய்த்துமாயிற்று. மழை கழுவிக்கொண்டு போன பத்தாவது நிமிடம் ஷூவுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏழாம் வகுப்பில் யாருக்காவது ஏதாவது தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள். அடுத்த ஐப்பசிக்கு நானும் மலையேற வேண்டியிருக்கிறது.